வாங் இக்சான் படிவமும் ஹேக் நீதிமன்றமும்

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் என் அக்காவின் வீட்டுக் கீழ்த்தளம் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து நான் அங்கே போய்ச் சேர நான்கு நாள்கள் ஆயின. சேற்றை வழித்து வெளியே தள்ளியபோது மெத்தைகளோடும் அலமாரிகளோடும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் வாசலில் குவிந்தன. சில நாள்கள் கழித்து, அரசாங்கம் வழங்கிய 1,000 ரிங்கிட் வெள்ள உதவித்தொகைக்கான படிவத்தை அக்காவுக்காக நான்தான் நிரப்பினேன். அதன் பெயர் வாங் இக்சான். மலாய் மொழியில் இக்சான் என்றால் பரிவு, நற்செயல் என்று பொருள்.

அந்தப் பணம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். அடுப்பும் அரிசியும் அதில்தான் வாங்கப்பட்டன. ஆனால் பரிவாகத் தரப்படுவது போதவில்லை என்றோ, வெள்ளம் வராமல் தடுக்க ஏன் முன்பே ஒன்றும் செய்யவில்லை என்றோ பெறுபவர் கேட்க முடியாது. கடமை என்றால் கேட்கலாம். நாடுகளின் காலநிலைக் கடமைகள் பற்றி, ஹேக் நகரிலுள்ள ஐ.நா.வின் அனைத்துலக நீதிமன்றம் 2025 ஜூலை 23ஆம் தேதி வெளியிட்ட கருத்துரையைப் படித்தபோது எனக்கு அந்தப் படிவம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கருத்துரையின் தொடக்கம் பசிபிக் தீவு மாணவர்களிடம் இருக்கிறது. தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 2019இல் எழுப்பிய கோரிக்கையை வனுவாத்து அரசு கையில் எடுத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச் சபை, காலநிலை மாற்றம் தொடர்பில் நாடுகளுக்கு என்னென்ன சட்டக் கடமைகள் உண்டு என்று அந்நீதிமன்றத்திடம் கேட்டது. நீதிபதிகள் ஒருமனதாகவே விடையளித்தனர். தூய்மையான, நலமான, நிலைத்த சுற்றுச்சூழல் இல்லாமல் மற்ற மனித உரிமைகளை அனுபவிக்க முடியாது. காலநிலையைக் காக்க உரிய முயற்சியுடன் செயல்படும் கடமை, பாரிஸ் ஒப்பந்தம் போன்ற உடன்படிக்கைகளிலிருந்து மட்டுமன்றி, நாடுகள் கடமையெனக் கருதிப் பின்பற்றும் வழக்கத்திலிருந்து உருவாகி, எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டத்திலிருந்தும் பிறக்கிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்குப் புதிய உரிமங்களும் மானியங்களும் வழங்குவதுகூட அக்கடமையை மீறிய செயலாக அமையக்கூடும் என்று நீதிமன்றம் கூறியதை, எண்ணெய் வருமானத்தில் வளர்ந்த நாட்டின் குடிமகனாக நான் இரண்டு முறை படித்தேன்.

வழக்காற்றுச் சட்டம் பற்றிய பகுதி நமக்கு மிகவும் முக்கியமானது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையிலும், பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையிலும் மலேசியா இன்னும் இணையவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்து மூதாட்டிகள் தங்கள் அரசுக்கு எதிரான காலநிலை வழக்கில் வென்றதைப் போன்ற ஒரு வழியும் நமக்கு இல்லை. ஹேக் கருத்துரையும் தன்னளவில் எவரையும் கட்டுப்படுத்தாது. அதை எடுத்துக்கொண்டு என் அக்கா ஷா ஆலாம் நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. அனைத்துலக உடன்படிக்கை எதுவும் நாடாளுமன்றம் சட்டமாக்கினால்தான் நம் நீதிமன்றங்களில் செல்லுபடியாகும் என்ற நிலையும் இருக்கிறது.

எனினும் உள்நாட்டிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 5(1)ஆவது பிரிவு, சட்டப்படியன்றி எவருடைய உயிரும் பறிக்கப்படக் கூடாது என்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஆசிரியர் தொடுத்த தான் தெக் செங் வழக்கில், 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம், அப்பிரிவில் உள்ள உயிர் என்னும் சொல் வெறும் மூச்சை மட்டும் குறிப்பதன்று, வாழ்க்கையின் தரத்தையும் உள்ளடக்கியது என்று எழுதினார். ஓரளவு நலமான, மாசற்ற சூழலில் வாழும் உரிமையும் அதில் அடங்கும் என்றார். வேலை நீக்க வழக்கொன்றில் அவர் எழுதி வைத்த அந்த வரியை, ஹேக் கருத்துரையோடு சேர்த்து வாதிடும் வழக்கறிஞர்கள் நமக்குத் தேவை.

ஸ்ரீ மூடா வெள்ளத்துக்குக் காலநிலை மட்டும்தான் காரணமா என்று அத்தான் கேட்பார். நியாயமான கேள்விதான். அடைபட்ட வடிகால்களுக்கும் திட்டமிடாத கட்டடங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த நீர் மழையாக எங்கேயாவது இறங்கத்தான் வேண்டும். அப்படி இறங்கும் என்று தெரிந்திருந்தும் வடிகாலைச் சீர்செய்யாமல், எச்சரிக்கையை முன்கூட்டியே தராமல் இருப்பதும் மக்களைக் காக்கும் கடமையில் தவறுவதுதான் என்று அவரிடம் சொல்லி வருகிறேன். 2021ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய வெள்ளங்களால் ஏற்பட்ட இழப்பை மலேசியப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என மதிப்பிட்டது. ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் என்ற கணக்கு அதற்கு எந்த மூலைக்கு?

காலநிலை மாற்றச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரப் போவதாக நம் அரசாங்கம் சில ஆண்டுகளாகவே கூறி வருகிறது. கரிம வெளியேற்றக் கணக்கையும், வெளியேற்ற அளவுகளை வாங்கி விற்கும் கரிமச் சந்தையையும் ஒழுங்குபடுத்துவதோடு அச்சட்டம் நின்றுவிடக் கூடாது. நலமான சூழலில் வாழ்வது ஒவ்வொருவரின் உரிமை, அதைக் காப்பது அரசாங்கத்தின் கடமை, கடமை தவறினால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடலாம் என்ற மூன்றும் அதில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை மலாயிலும் தமிழிலும் கடிதமாக எழுதியிருக்கிறேன்; இந்த வாரம் அக்காவும் தன் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புகிறார்.