எப்போ வரும்னு கேக்குறத விட்டுட்டு பீரோவ செவுத்துல மாட்டுங்க

எங்கயாவது பெரிய நிலநடுக்கம் வந்துட்டா போதும், ரெண்டே நாள்ல வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வேர்ட் சுத்த ஆரம்பிச்சிடும், அடுத்தது இன்ன தேதி இன்ன நேரம், கிரகமெல்லாம் ஒரே கோட்டுல வருது, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்கன்னு. அனுப்புறவங்க கிட்ட தனித்தனியா சண்ட போட்டு அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதி வச்சிடறேன், இனிமே லிங்க்க குடுத்துட்டு நான் பாட்டுக்கு இருப்பேன்.

பூமியோட மேல் ஓடு ஒரே துண்டு கெடையாது. பெருசும் சிறுசுமா பல தட்டுங்க, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்னு நகந்துக்கிட்டே இருக்கு, நம்ம நகம் வளர்ற வேகம்தான். கண்டங்கள் நகருதுன்னு 1912லயே சொன்னவர் ஆல்ஃபிரட் வெகனர், ஜெர்மன்காரர், அடிப்படையில வானிலை ஆராய்ச்சியாளர். சரி எது தள்ளுதுன்னு கேட்டாங்க, அவரால ஒழுங்கா பதில் சொல்ல முடியல, பெரும்பாலான புவியியல்காரங்க ஒத்துக்கல. 1930ல கிரீன்லாந்து பனியில இறந்துட்டாரு. கடலுக்கு அடியில புதுத் தரை உருவாகி ரெண்டு பக்கமும் வெலகிப் போகுதுன்னு 1960கள்ல தெரிய வந்தப்புறம்தான் எல்லாரும் வழிக்கு வந்தாங்க.

இப்போ விஷயம் என்னன்னா, தட்டு நகந்தாலும் அதோட ஓரம் பல எடத்துல பக்கத்துத் தட்டோட சிக்கிக்கிட்டு நகராம நிக்கும். வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் போற தட்டுன்னு வச்சுக்கோங்க, ஓரம் நூறு வருஷம் சிக்கி நின்னா 5 மீட்டர் பாக்கி சேந்திருக்கு, அந்த சிக்கல் விடுற அன்னைக்கு மொத்தத்தையும் சில நிமிஷத்துல அடைச்சிடும். 2004 டிசம்பர் 26 அன்னைக்கு சுமத்ராவுல ஆரம்பிச்சு அந்தமான் வரைக்கும் கிட்டத்தட்ட 1300 கிலோமீட்டருக்கு பிளந்தது இப்படித்தான். எந்த எடத்துல பாக்கி சேந்திருக்குன்னு ஜிபிஎஸ் வச்சு ஓரளவு சொல்லிடலாம், என்னைக்கு வசூலாகும்னுதான் யாராலயும் சொல்ல முடியாது.

சீனாவுல 1975ல ஹைசெங்ல முன்கூட்டியே ஜனங்கள வெளியேத்தி நெறைய பேர காப்பாத்தினாங்க, அது உண்மைதான், ஆனா அங்க பெருசு வர்றதுக்கு முன்னாடியே சின்னச் சின்ன அதிர்வு வரிசையா வந்து காட்டிக் குடுத்துச்சு. அடுத்த வருஷமே டாங்ஷான்ல அப்படி எதுவும் வரல, ராத்திரி தூக்கத்துல அடிச்சுது, அரசாங்கக் கணக்குப்படியே 2 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. ஜப்பான்ல ஃபோன்ல அலாரம் அடிக்குதேன்னு கேப்பீங்க. அது ஜோசியம் இல்ல, நிலநடுக்கம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வர்ற தகவல். மொதல்ல வர்ற அதிர்வு அலை வேகமா ஓடும், பெருசா சேதம் பண்ணாது, நாசம் பண்ற அலை பின்னாடி மெதுவா வரும், அந்த எடவெளிதான் நமக்கு கெடைக்கிற சில செகண்ட். மையத்துக்குப் பக்கத்துலயே இருந்தா அதுவும் கெடையாது.

அளவ மட்டும் பாத்து பயப்படுறதும் வேஸ்ட். 2010 ஜனவரில ஹைதியில 7.0, ஒரு லட்சத்துக்கும் மேல சாவு. அடுத்த மாசம் சிலியில 8.8, அதாவது சுமார் 500 மடங்கு சக்தி, அங்க செத்தவங்க 500 பேர் சொச்சம். ஹைதியில மையம் தலைநகரத்துக்கு ரொம்பப் பக்கம், அத இல்லன்னு சொல்லல, ஆனா சிலிக்காரங்க 1960லயே 9.5 பாத்தவங்க, கட்டட விதிய நிஜமாவே கடைபிடிச்சிருந்தாங்க. கீழ்த்தளம் முழுக்க வெறும் தூண் மட்டும் நிறுத்தி கார் பார்க்கிங் விட்டுட்டு மேல நாலு மாடி ஏத்துறாங்களே, ஆட்டத்துல மொதல்ல மடங்குறது அந்தக் கீழ்த்தளம்தான். ஃப்ளாட் வாங்குறப்போ டைல்ஸ் கலர் கேக்குறவங்க இதயும் இன்ஜினியர் கிட்ட கேளுங்க.

வீட்டுக்குள்ள வருவோம். கட்டடமே நின்னாலும் உள்ள இருக்குற சாமான் ஆள அடிச்சிடும். கட்டில்ல படுத்துக்கிட்டு மேல பாருங்க, பரண்ல என்ன இருக்கு, பீரோ சாஞ்சா யார் மேல விழும்? எங்க வீட்ல பீரோ தலைமாட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. இப்போ தள்ளி வச்சு, மேல் ஓரத்துல ரெண்டு பக்கமும் எல் ஆங்கிள் போட்டு செவுத்துல ஆங்க்கர் போல்ட் அடிச்சாச்சு. போல்ட் பூச்சுலயே நின்னுட்டா பிரயோஜனம் இல்ல, உள்ள செங்கல்ல போய் புடிக்கணும். மெத்தையெல்லாம் சிமென்ட் தூசி, திட்டு வாங்கினேன், பரவால்ல.

அடுத்தது செருப்பு. சிரிக்காதீங்க. ராத்திரி கரன்ட் போயி தரை பூரா கண்ணாடித் துண்டு கெடக்குறப்போ வெறுங்கால்ல எங்க ஓடுவீங்க? ஒரு பழைய ஷூவயும் டார்ச்சயும் பையில போட்டு கட்டில் கால்ல கட்டி வச்சிடுங்க, சும்மா வச்சா ஆட்டத்துல எங்கயாவது போயிடும்.

ஆடும்போது படிக்கட்டுப் பக்கம் ஓடாதீங்க, வாசல்ல நின்னா தப்பிச்சிடலாம்ங்கறது பழைய நம்பிக்கை, நல்ல கனமான மேஜைக்கு அடியில போயி அதோட கால கெட்டியா புடிங்க, மேஜையும் நகரும். மண் வீடு, ரெண்டு எட்டுல வெட்டவெளின்னா அது வேற கதை, ஓடிடலாம். நின்னப்புறம் கேஸ் வாடை வந்தா தீக்குச்சி, ஸ்விட்ச் எதயும் தொடாம வெளிய வந்துடுங்க. கடலோரமா இருந்து ஆட்டம் ரொம்ப நேரம் நீடிச்சாலோ கடல் உள்வாங்கினாலோ சைரனுக்கெல்லாம் காத்திருக்காம நேரா மேட்டுக்கு. சுமத்ராவுக்கு பக்கத்துல சிமெலுவேன்னு ஒரு தீவு, 1907ல சுனாமியில பட்ட அடிய கதையாவும் பாட்டாவும் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டே வந்திருக்காங்க, 2004ல சில நிமிஷத்துல அலை வந்தும் 78,000 பேர்ல செத்தது 7 பேர்தான்.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூணு நாளைக்காவது. மாத்திர, சார்ஜர், கொஞ்சம் ரொக்கம், அவ்ளோதான். அப்புறம் வெளியூர்ல இருக்குற ஒரு ஆள முடிவு பண்ணுங்க, ஏதாவது ஆச்சுன்னா குடும்பத்துல எல்லாரும் அவருக்கு மெசேஜ் போடணும், கால் பண்ணா லைன் கெடைக்காது, மெசேஜ் பெரும்பாலும் போயிடும். அந்த நம்பர பேப்பர்ல எழுதி எல்லார் பர்ஸ்லயும் வச்சிடுங்க, சார்ஜ் போயிட்டா இப்பல்லாம் யாருக்கு எந்த நம்பர் மனப்பாடமா தெரியுது.