தாடி ஓணானின் தொட்டிக்கு இயற்கைத் தரைமண் தேர்ந்தெடுத்த அனுபவம்

பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணானைப் பாலைவன உயிரினம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால், தொட்டியில் உதிரி மணலைக் கொட்டினால் இயற்கைச் சூழல் அமைந்துவிடும் என்ற எண்ணம் வளர்ப்போரிடையே பரவலாக இருக்கிறது. வளர்ப்புக்கு அதிகம் வரும் போகோனா விட்டிசெப்ஸ் இனம், ஆஸ்திரேலியாவின் கிழக்கு, நடுப் பகுதிகளின் உள்நாட்டு வறள்நிலத்தைச் சேர்ந்தது. புதர்க்காடுகளிலும் மரங்கள் விலகி நிற்கும் திறந்த காடுகளிலும் வாழ்ந்து, கிளைகளிலும் வேலிக் கம்பங்களிலும் ஏறி வெயில் காய்வது. அங்கே தரை பெரும்பாலும் மணலும் களிமண்ணும் கலந்து, எப்போதாவது பெய்யும் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து இறுகியது. ஆகவே நான் தேட வேண்டியது உதிரும் பொருளை அன்று, இறுகும் மண்ணை என்று முடிவு செய்துகொண்டே இந்த வேலையைத் தொடங்கினேன்.

என்னிடம் இருப்பது முழு வளர்ச்சி பெற்ற பெண். ஆண் துணை இல்லாவிட்டாலும் பெண் தாடி ஓணான் கருவுறாத முட்டைகளை உருவாக்கக்கூடும். தோண்டி இடுவதற்கு ஏற்ற இடம் கிடைக்காதபோது அவை உடலுக்குள்ளேயே தேங்கி உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இதுவரை போட்டிருந்த ஓட்டுத் தரை (டைல்) சுத்தம் செய்ய எளிதானது, நகங்களையும் ஓரளவு தேய்த்துக் கொடுப்பது. ஆனால் அதில் தோண்ட வழியில்லை. தரையை மாற்ற இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சில பொருள்களை விலக்குவதில் எனக்குத் தயக்கமே எழவில்லை. கால்சியம் மணல் ஈரம் பட்டால் கட்டியாகும். தின்னத் தூண்டும் பொருளும்கூட. உடைத்த வால்நட் ஓட்டின் விளிம்புகள் குடலைக் கிழிக்கக்கூடியவை. தேவதாரு, பைன் மரச்சீவல்களின் வாசனை எண்ணெய்கள் சுவாசத்தைப் பாதிக்கும். தேங்காய் நார்த்தூளை மட்டும் போட்டால், காய்ந்தவுடன் பறக்கும், நனைத்தால் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

மண் என்றதும் எல்லோரும் கேட்பது குடல் அடைப்பைப் பற்றித்தான். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அடைப்புக்கு மண் மட்டும் காரணமாவது அரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெயில் காயும் இடத்தில் போதிய வெப்பமின்மை, நீர்ச்சத்துக் குறைவு, புற ஊதா பி ஒளியும் கால்சியமும் போதாமை, குடல் ஒட்டுண்ணிகள் ஆகியவை செரிமானத்தை முடக்கும்போதுதான், ஆரோக்கியமான உடல் எளிதில் வெளியேற்றியிருக்கும் சிறிதளவு மண்ணும் உள்ளே தங்கிவிடுகிறது. எனவே முதலில் மலப் பரிசோதனை செய்து ஒட்டுண்ணி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். காயும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதையும் சரிபார்த்தேன். குட்டிகளுக்கும், நோயுற்றவற்றுக்கும், புதிதாக வந்து தனிமைப்படுத்தப்பட்டிருப்பவற்றுக்கும் காகிதத் தரையே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

இனி மண். அறுபது பங்கு மேல்மண்ணுக்கு நாற்பது பங்கு மணல் என்ற விகிதம் எங்கும் சொல்லப்படுகிறது. அந்த மேல்மண்ணிலேயே எவ்வளவு மணல் இருக்கிறது என்று தெரியாதவரை அந்த விகிதத்துக்குப் பொருளில்லை. உரமும் பூச்சிக்கொல்லியும், செடி மண்ணில் சேர்க்கும் பெர்லைட் என்ற இலேசான வெண்துகள்களும் கலவாத இரண்டு வகை மேல்மண்ணை வாங்கி, ஒவ்வொன்றையும் கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு இட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி வைத்தேன். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். முதல் மண்ணில் பாதிக்கு மேல் மணலே இருந்தது. அதனுடன் மேலும் நாற்பது பங்கு மணலைச் சேர்த்திருந்தால் கிடைத்திருப்பது வெறும் உதிரித் தரைதான். இரண்டாவதில் மட்கிய மரத்துணுக்குகள் மேலே மிதந்தாலும், கீழே வண்டலும் களியும் நன்றாகவே படிந்தன. அதைச் சலித்து எடுத்துக்கொண்டேன்.

பிறகு சிறு பெட்டிகளில் பல கலவைகளை ஈரமாக அடித்து இறுக்கி, விளக்கின் கீழ் காயவைத்துப் பார்த்தேன். மேல்மண்ணும் கழுவிய விளையாட்டு மணலும் மட்டும் சேர்ந்தது, காய்ந்ததும் விரல் பட்டவுடன் பொடிந்தது. களி மிகுந்ததோ சுருங்கி வெடித்து, நகத்தால் கீறவே முடியாத அளவுக்கு இறுகியது. இவற்றுக்கு இடைப்பட்டதாக, ஐந்து பங்கு மேல்மண், மூன்று பங்கு மணல், இரண்டு பங்கு தூய களிமண் தூள் என்ற கலவை நின்றது: மேற்புறம் ஓடு கட்டியது, கீறினால் விட்டுக்கொடுத்தது, ஈரத்தில் குடைந்த துளையின் கூரை சரியவில்லை. இது என் மண்ணுக்கான அளவு. வேறு மண்ணுக்குக் குப்பிச் சோதனையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பூனைக் கழிவுத் தட்டுக்கு விற்கப்படும் கட்டிபிடிக்கும் களியைத் தயவுசெய்து யாரும் பயன்படுத்த வேண்டாம். வயிற்றுக்குள் போனால் அது வீங்கிக் கட்டியாகும்.

நிரப்பும் முன் எடையைக் கணக்கிட்டது நல்லதாயிற்று. 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 72 லிட்டர் மண் வேண்டும். இறுக்கிய நிலையில் அது ஏறத்தாழ 100 கிலோ. தாங்கியின் நடுவில் கூடுதல் கால் வைத்த பிறகே வேலையைத் தொடர்ந்தேன். கனமான கற்களை மண்ணின் மேல் வைக்காமல், தொட்டியின் அடித்தளத்திலேயே அமர்த்தி, சுற்றிலும் மண்ணை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஓணான் அடியில் தோண்டும்போது கல் இறங்கி அதை நசுக்கிவிடும். அடியில் ஒட்டும் வெப்ப விரிப்பையும் நீக்கிவிட்டேன். மண்ணுக்கடியில் அதன் வெப்பம் தேங்கித் தீக்காயம் உண்டாக்கலாம் என்பதால், வெப்பம் முழுவதும் மேலிருந்தே வருகிறது. மண்ணை அடுக்கடுக்காக ஈரப்படுத்தி அடித்து, ஈரப்பதமானி பகலில் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஓணானை உள்ளே விட்டேன்.

முதலில் தரையை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தது. பிறகு தட்டையான கல்லின் ஓரத்தில் தோண்டத் தொடங்கியது. அந்த முன்கால்களின் முனைப்பைப் பார்த்தபோது, ஓட்டுத் தரையில் இத்தனை காலம் அதற்கு எது கிடைக்காமல் இருந்தது என்று புரிந்தது. சுவர்க்கோழிகளை இடுக்கியில் பிடித்தும், கீரையைத் தட்டில் வைத்தும் கொடுப்பதால் உணவோடு மண் சேர்வது குறைவு. எச்சத்தை அன்றன்றே சுற்றியுள்ள மண்ணோடு அள்ளிவிடுகிறேன். குளிர்ந்த மூலையில் இலைச்சருகின் அடியில் விட்ட ஐசோபாட்கள் (கழிவைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைக்கும் சிறு உயிரிகள்), அங்கு மட்டும் சற்று ஈரம் காப்பதால் தங்கிவிட்டன.

முட்டையிடுவதற்கு 10 சென்டிமீட்டர் ஆழம் போதாது. அதனால் அதே கலவையை 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தனிப் பெட்டியில் ஈரமாக அடித்து வைத்திருக்கிறேன். வயிறு பருத்து, உணவைக் குறைத்து, ஓயாமல் தோண்டத் தொடங்கினால் அதில் விட வேண்டும். இப்போதைக்கு வேலை மிச்சமிருப்பது காயும் விளக்கின் கீழ் மட்டுமே. அங்கு ஓடு உடைந்து புழுதி எழுவதால், களி கரைத்த நீரைத் தெளித்து மீண்டும் அடித்து இறுக்கி வருகிறேன்.