துக்லாவோடு திரும்பியவன்

லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையில், துக்லாவைத் தாண்டியதும் மூச்சை வாங்கும் ஏற்றம் ஒன்று வரும். ஏறி முடித்தால், கிட்டத்தட்ட 4,800 மீட்டர் உயரத்தில், மலையில் உயிர்விட்டவர்களுக்கான கல் நினைவிடங்கள். பாபு சிரி ஷெர்பாவுக்கும் இங்கே ஒன்று இருக்கிறது. 1999இல் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் 21 மணி நேரம் தங்கியவர். 2001இல் அதே மலையில் பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்துபோனார்.

என் நண்பன் மலையில் சாகவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ச் சேர்ந்தான். அவன் பேரில் இங்கே கல் அடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவனுக்கும் பிடித்திருக்காது. நான் தேடி வந்தது இந்த மேட்டுக்குக் கீழே இருக்கும் துக்லாவைத்தான்.

பல வருஷங்களுக்கு முன்னால் இதே பாதையில் நாங்கள் இருவரும் வந்தபோது, துக்லாவில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வேறொரு குழுவுக்கு மூட்டை சுமந்து வந்த போர்ட்டர் பையன் சுவரோரம் சாய்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. களைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் எழுந்து நாலடி வைத்தபோது கால் பின்னியது. என் நண்பன் அதைப் பார்த்துவிட்டான்.

முந்தின நாள், துக்லாவுக்குக் கீழே பெரிச்சே கிராமத்தில் இருக்கும் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ முகாமில், உயர நோய் பற்றி மருத்துவர் பேசியதைக் கவனமாகக் கேட்டவன் அவன். தலைவலி, வாந்தியோடு நடையும் தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம்; உடனே கீழே இறக்கியாக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆள் தேறமாட்டான். மலைக்கூலிகள் எல்லோருக்கும் இந்த உயரம் பழகியிருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தப்பு. நிறையப் பேர் தாழ்வான பள்ளத்தாக்குகளிலிருந்து பிழைப்புக்காக வருகிறவர்கள். துக்லா உயரத்தில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆக்ஸிஜன். நமக்கு வருவது அவர்களுக்கும் வரும்.

"நீ மேல போ மச்சான், நான் இவனை இறக்கிட்டு வர்றேன்" என்றான். நானும் வருகிறேன் என்றதற்கு, "ரெண்டு பேரும் எதுக்கு?" என்று முடித்துவிட்டான். அப்புறம் மண்டிபோட்டு அந்தப் பையனின் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினான். தன் கையுறைகளைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக அவனுக்கு நுழைத்துவிட்டான். தோளில் கைபோட்டு இறங்கும்போது நேபாளியில் "ஏக், துயி, தீன்" என்று அடிக்கு அடி எண்ணிக்கொண்டே போனான். அவனுக்குப் பத்து வரைதான் தெரியும். பத்து முடிந்ததும் மறுபடி "ஏக்." அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் அந்த எண்ணிக்கை கொஞ்ச நேரம் கேட்டது.

பெரிச்சே போய்ச் சேர்ந்து, பையனுக்குத் தெளியும் வரை அங்கேயே இருந்துவிட்டான். அதோடு அவன் பயணம் முடிந்தது. எவரெஸ்டை எதிரே பார்க்கக் கிடைக்கும் காலா பத்தர் மேட்டை, எத்தனையோ நாள் ஆசைப்பட்டும், அவன் கடைசிவரை பார்க்கவில்லை. நான் இறங்கி வந்தபோது, "எப்படி இருந்துச்சு, சொல்லு சொல்லு" என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். துளிகூட ஏக்கம் இல்லாத முகம். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இந்த முறையும் காலா பத்தர் ஏறினேன். விடியலில் எவரெஸ்டின் பின்னாலிருந்து வெயில் எழுந்தது. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் பெரிச்சேயில் அந்த மருத்துவ முகாமின் வாசலில் நின்ற நேரம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. 1973 முதல் சீசன் தோறும் இயங்குகிற சின்ன இடம். மதியப் பேச்சுக்கு உட்கார்ந்தேன். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து பார்க்கும் சோதனையை மருத்துவர் செய்து காட்டினார். பக்கத்தில் அவன் இருந்திருந்தால் குறைந்தது நாலு கேள்வி கேட்டிருப்பான்.

இறங்கும் வழியில் நாம்சே ஊருக்கு வந்ததும் அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். இந்தக் கதையை அவன் வீட்டில் சொன்னதே இல்லையாம். உடம்பு சரியில்லாமல் திரும்பிவிட்டான் என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்தப் புள்ள பொழைச்சுக்கிட்டானாப்பா?"

"பொழைச்சுக்கிட்டான்மா. ஆள் தேறி, தன் கால்லயே நடந்து ஊருக்குப் போனான்."