தாயுமானவருக்கு ஒரு தார் பாக்கி

ஊருக்குக் கிளம்ப முந்தின நாள் ராத்திரி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா திடீரென்று, "தாயுமானவருக்கு ஒரு தார் பாக்கி இருக்குடி" என்றாள்.

அம்மாவுக்கு 84 வயது. திருச்சியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், மூன்றாவது மாடி. காலையில் இட்லி சாப்பிட்டது பத்து மணிக்கு நினைவிருக்காது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்பாள். அந்த மாடியில் மாடு ஏது? "ஆச்சும்மா" என்று பொய் சொல்லித்தான் மறுபடி படுக்க வைக்க வேண்டும். நான் அங்கே இருந்த ஒன்பது நாளும் அப்படித்தான் சொன்னேன். அதனால் தார் விஷயத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, "சரிம்மா" என்றேன். அவள் விடவில்லை.

"சின்னவ பொறந்தப்ப வேண்டிக்கிட்டது. கட்டவே இல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் இரண்டாவது பிரசவம் புகுந்த ஊரில். ஐப்பசி அடைமழை. அம்மா அப்போது கொள்ளிடத்துக்கு அக்கரையில், லால்குடி பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். நாள் நெருங்கியதும் புறப்பட்டவள், ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டதால் பாதி வழியில் யார் வீட்டுத் திண்ணையிலோ இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தாளாம். அவள் வந்து சேர்வதற்குள் எனக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. கூட இருந்து வெந்நீர் வைத்து, சுக்கு இடித்துக் கொடுத்ததெல்லாம் பக்கத்து வீட்டு அத்தைதான். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் அம்மா வேண்டியிருக்கிறாள், "நான் போய்ச் சேர்ற வரைக்கும் நீ பார்த்துக்கப்பா" என்று. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை.

மலைக்கோட்டை சாமிக்கு வாழைத்தார் வேண்டிக்கொள்வது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரத்னாவதி என்ற செட்டிப்பெண் இங்கே பிரசவத்துக்குக் காத்திருந்தாள். பூம்புகாரிலிருந்து வந்த தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் அந்தத் தாயின் உருவத்தில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள். ஒருத்தி மறைந்தாள். செவ்வந்திநாதர் அன்றிலிருந்து தாயுமானவர் ஆனார். செட்டிப்பெண் மருத்துவம் என்று இன்றைக்கும் கோவிலில் அதை விழாவாக நடத்துகிறார்கள்.

காலையில் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டிக்குப் போனேன். கொல்லையில் பூவன் தார் தொங்கிக்கொண்டிருக்க, காசு கொடுத்துத் தார் வாங்குவதற்கு வெட்கமாக இருந்தது. ஊரிலிருந்து இன்னொரு முறை கொண்டுவரலாமா என்றுகூட நினைத்தேன். வேண்டாம், ஏற்கெனவே இருபத்தேழு வருஷத் தாமதம். பையன் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அத்தை, ஆன்லைன்ல காணிக்கை கட்டினா இந்தப் படியெல்லாம் ஏற வேணாம்" என்றான். முதல் ஐம்பது படியில் பேசியது அதுதான். அதற்கப்புறம் அவனிடமிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்.

கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தால், உச்சிப்பிள்ளையார் வரைக்கும் நானூறுக்கு மேல் படிகள். தாயுமானவர் சன்னிதி நடுவில். மேலே கூரை போட்ட வழிதான், வெயில் தெரியாது. முழங்காலுக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மாவோடு வந்தபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவாள். சம்பந்தர் பாடிய 'நன்றுடையானை'ப் பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டே ஏறுவாள், ஒரு பாட்டுக்கு இத்தனை படி என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு.

இந்தக் கோவிலில் கொடிமரம் சாமிக்குப் பின்னால் இருக்கும். உறையூர் ராஜா செய்த தப்புக்காகச் சாமி கோபப்பட்டு, அந்த ஊரைப் பார்த்து மேற்கே திரும்பிவிட்டார் என்று கதை. அவ்வளவு கோபக்காரரா மருத்துவச்சி வேலை பார்த்தார் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பெரிய லிங்கம். குருக்கள் தாரை வாங்கி வைத்துவிட்டு, "குழந்தை யாருக்கு?" என்றார். மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். குழந்தைக்கு எத்தனை மாதம் என்றார். "27 வயசு" என்றேன். சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு அர்ச்சனையை ஆரம்பித்தார். இந்த மாதிரி பாக்கிகள் அங்கே நிறைய வரும்போலிருக்கிறது.

தீபாராதனையின்போது மகளுக்காகத்தான் கும்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த நேரத்தில் வந்தது வேறு. அக்கரையில் நின்ற தாய்க்குப் பதிலாக இந்தப் பக்கம் வந்து நின்றவன் நீ. இன்றைக்கு அக்கரைக்குப் போகப்போகிறவள் நான். மாடு, நாற்றங்கால், வயசான மாமனார் எல்லாம் அங்கே. பத்தாவது நாள் இருக்க முடியாது. தாய்க்குப் பதில் வந்த மாதிரி ஒரு தடவை மகளுக்குப் பதிலாகவும் வாயேன். இப்படித்தான் கேட்டேன், கடன்காரி மாதிரி இல்லை, உரிமையோடு. கண்ணைத் திறந்தபோது திரை போட்டாகிவிட்டது.

மட்டுவார் குழலியம்மையைப் பார்த்துவிட்டு, பையன் வேண்டாம் என்று சொல்லியும் மேலே ஏறினோம். வழியில் பல்லவர் குடைவரை இருக்கிறது. மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஒரு வேடிக்கையான சேதி உண்டு. நதிகளின் மேல் ஆசை கொண்ட சிவன், அழகான காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயமாம். அதனால் பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே தங்கிவிட்டாளாம், இந்த நதி பல்லவனுக்குப் பிரியமானவள் என்று சொல்லிக்கொண்டு. படித்துவிட்டு ராஜாவின் குசும்பை ரசிப்பார்கள். எனக்கு 'பிறந்த வீட்டை விட்டு' என்ற இடத்தில்தான் கண் நின்றது. அம்பாளுக்கே அதுதானா.

உச்சியில் காற்று அள்ளியது. ஒரு பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், நடுவே காவிரி, அதற்கு அப்பால் கோடாகக் கொள்ளிடம். ஆவணி மாதத் தண்ணீர், கரையை ஒட்டி ஓடியது. பிள்ளையாருக்கு ஒரு குட்டு வைத்துக்கொண்டு இறங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து பிரசாதமாகக் கிடைத்த சீப்பில் ஒரு பழத்தை உரித்து அம்மாவிடம் கொடுத்தேன். "கட்டிட்டேம்மா" என்றேன். "எதை?" என்றாள். நேற்று ராத்திரி சொன்னது போய்விட்டது. பழத்தை மட்டும் ருசித்துச் சாப்பிட்டாள். கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கல்லணை வழியாகப் போகும் பஸ் கிடைத்தது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. காவிரியிலிருந்து திருக்காட்டுப்பள்ளி பக்கம் பிரிகிற குடமுருட்டிதான் எங்களுக்கு. காலையில் மலைமேலிருந்து பார்த்த தண்ணீர் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேருமா, பின்னாலா என்று கணக்குப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

வீடு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வீட்டுக்காரர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்க்கப் போயிருந்தார். மாடு என் குரல் கேட்டதும் கத்தியது. காலைக் கழுவிக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நாந்தாம்மா. ஊருக்கு வந்து சேர்ந்துட்டேன்."

"எந்த ஊருக்கு? இப்பத்தானே எனக்குத் தலை வாரிவிட்டே. அந்த ரூமுல இருந்துகிட்டு போன் பண்றியா?"

எனக்குக் கை நடுங்கியது. அண்ணி போனை வாங்கிக்கொண்டு, "நான்தான்மா வாரிவிட்டேன். எழுந்ததுலேர்ந்து உன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறாங்க. சரி, இருக்கட்டும்னு நானும் 'என்னம்மா'ன்னு கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, கேளு."

"இதோ காட்டப் போறேம்மா" என்று வாளியை எடுத்தேன்.