‘நம்பிக்கை’க்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

‘சாமி மேல நம்பிக்கை இருக்கு’ என்பதை ‘ஐ ஹேவ் பிலீஃப் ஆன் காட்’ என்று சொல்கிறவர்கள் நிறைய. பிழை அந்த ‘ஆன்’ என்பதில் இருக்கிறது. தமிழின் ‘மேல்’ அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் பிலீஃப், ஃபெய்த், கான்ஃபிடன்ஸ் எல்லாம் ‘இன்’ என்பதோடுதான் சேரும். ‘ஐ பிலீவ் இன் காட்’ என்றால் கடவுள் உண்டு என்கிறீர்கள். ‘ஐ ஹேவ் ஃபெய்த் இன் காட்’ என்றால் அவர் பார்த்துக்கொள்வார் என்று அவர்மேல் பாரத்தைப் போடுகிறீர்கள். ‘ஐ ஆம் பிலீவிங்’ மட்டும் வேண்டாம். பிலீவ் ஒரு நிலையைச் சொல்லும் வினை. பொதுவாக ‘இங்’ ஏற்காது.

மனிதர்கள் விஷயத்திலும் இந்த ‘இன்’ பெரிய வேலை செய்யும். ‘ஐ பிலீவ் ஹிம்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று ஏற்கிறேன். ‘ஐ பிலீவ் இன் ஹிம்’ என்றால் அவரால் முடியும் என்று நம்புகிறேன். ‘ஐ ட்ரஸ்ட் ஹிம்’ என்றால் வீட்டுச் சாவியையே கொடுக்கலாம்.

பெரிய சிக்கல் ‘ஹோப்’. ‘பாஸ் ஆகிடுவேன்னு நம்புறேன்’ என்பதில் இருப்பது ஆசை. அதற்கு ‘ஐ ஹோப்’. சான்று இருந்து கருத்தாகச் சொன்னால் ‘ஐ பிலீவ்’ அல்லது ‘ஐ திங்க்’. நடக்கக் கூடாத ஒன்றுக்கு ஹோப் போட்டால் விபரீதம்: ‘ஐ ஹோப் ஹி இஸ் சிக்’ என்றால், அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தால் நல்லது என்று பொருள்!

தமிழில் ஃபெய்த், ஹோப் இரண்டும் ஒரே சொல்லுக்குள் கிடப்பது பைபிள் மொழிபெயர்ப்பில் நன்றாகத் தெரியும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரத்தில் ஃபெய்த், ஹோப், லவ் மூன்றும் ஒரே வரியில் வருகின்றன. புராட்டஸ்டன்ட் சபைகளில் பழகிய பழைய மொழிபெயர்ப்பு அதை ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்போ ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்கிறது. முன்னதில் ஹோப்பாக இருந்த நம்பிக்கை பின்னதில் ஃபெய்த் ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

உச்சரிப்பில் ஃபெய்த், ஃபேட் இரண்டும் குழம்பும். முன்னதன் கடைசி ஒலிக்கு நாக்கு நுனி பல்லுக்கிடையில் வரவேண்டும். பின்னது ‘ட்’ என்று முடியும். அதன் பொருள் விதி. எழுத்திலும் ஒரு பொறி உண்டு: பிலீஃப் என்பதன் பன்மை பிலீஃப்ஸ். ‘பிலீவ்ஸ்’ என்று எழுதினால் அது ‘நம்புகிறார்’ என்ற வினை. பள்ளிக்கூடத்தில் ‘ப்ரேயர்’ என்று இரண்டு அசையாகச் சொல்லிப் பழகிய சொல்லும் பிரார்த்தனையைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் ஏறக்குறைய ‘ப்ரேர்’ என்று ஒரே அசைதான்.

ஆட்களைக் குறிக்கும் சொற்களில், பக்தியுள்ளவர் என்பதற்கு ‘டிவவுட்’ மதிப்பானது. ‘பயஸ்’ சில இடங்களில் பக்தி வேஷம் என்ற நக்கலைக் கொண்டுவரும். ஒருவரைப் பாராட்ட அதைத் தவிர்ப்பது நல்லது. ‘ஃபெய்த்ஃபுல்’ என்றால் பக்திமான் என்று நினைக்கிறோம். தனி ஆளுக்குச் சொன்னால் பெரும்பாலும் விசுவாசமானவர், துரோகம் செய்யாதவர் என்றே பொருள். ‘ஏதியிஸ்ட்’ கடவுள் இல்லை என்பவர். ‘அக்னாஸ்டிக்’ அதை அறிய முடியாது என்பவர். டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1869-இல் உருவாக்கிய சொல் அது. பெரியார் வழியினர் சொல்லும் பகுத்தறிவாளர் என்பதற்கு ‘ரேஷனலிஸ்ட்’ சரிதான். ஆனால் தத்துவம் படித்த வெளிநாட்டவருக்கு அது அறிவே உண்மைக்கு வழி என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டின் மரபை நினைவூட்டும். நாத்திகர் என்பதுதான் சேதி என்றால் ஏதியிஸ்ட் என்றே சொல்லுங்கள்.

வழிபாட்டுக்கு வருவோம். நேர்ந்துகொள்வது ‘மேக் எ வவ்’, நேர்த்திக்கடன் செலுத்துவது ‘ஃபுல்ஃபில் எ வவ்’. ‘டேக் எ வவ்’ என்றால் துறவிகள் ஏற்கும் விரதத்தின் வாடை அடிக்கும். மொட்டை போட்டதை ‘ஐ ஹேட் மை ஹெட் ஷேவ்ட்’ எனலாம். போட்டுவிட்டவர் வேறொருவர் என்பதும் அதில் வந்துவிடுகிறது. விரதத்தில் இருக்கும்போது ‘ஐ ஆம் ஃபாஸ்டிங்’. இங்கே ‘இங்’ தாராளமாக வரலாம், ஏனென்றால் இது செயல். பிரசாதத்தை மொழிபெயர்க்காமல், சாமிக்குப் படைத்துப் பகிரும் உணவு என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். வழிபடப் போவதைச் சொல்லும்போது ‘கோ டு சர்ச்’ என்பதில் ‘த’ கிடையாது. ‘கோ டு த டெம்பிள்’, ‘கோ டு த மாஸ்க்’ என்பவற்றில் உண்டு. காரணம் தேட வேண்டாம், வழக்கு அப்படி.

நம் ஊரில் ஒரு பொருள், வெளியே வேறு பொருள் என்று இருக்கும் சொற்கள்தான் உண்மையில் ஆபத்து. 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் நம் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்ந்த ‘செக்யுலர்’ என்பதை எல்லா மதத்தையும் சமமாக நடத்துவது என்று புரிந்துகொள்கிறோம். பிரிட்டனில் செக்யுலர் இறுதிச்சடங்கு என்றால் மதச் சடங்கே இல்லாதது. நம் செய்தித்தாளில் ‘கம்யூனல்’ என்றாலே கலவரம். லண்டனில் கம்யூனல் கிச்சன் என்றால் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் சமையலறை, அவ்வளவுதான். சாமி சிலையைக் குறிக்கும் ‘ஐடல்’ நமக்குச் சாதாரணச் சொல், நம் காவல்துறையிலேயே சிலைத் திருட்டைத் துப்புத் துலக்கும் ஐடல் விங் இருக்கிறது. ஆனால் பைபிள் வழியாக அதற்குப் பொய்த்தெய்வம் என்ற நிறமும் ஏறியிருக்கிறது, ‘டியிட்டி’ பாதுகாப்பானது. ‘மித்’ என்பதும் அப்படியே. ஆய்வாளர் அதைப் புராணக்கதை என்ற பொருளில் சொல்வார். தெருவில் அது கட்டுக்கதை. அடுத்தவர் நம்பும் கதையை அவர் முகத்துக்கு நேரே மித் என்று சொல்லாதீர்கள்.

கடிதத்தின் அடியில் போடும் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’யில் மதம் எதுவும் இல்லை. பிரிட்டிஷ் வழக்கில் ‘டியர் சர்’ என்று பெயர் இல்லாமல் தொடங்கிய கடிதத்துக்கு அது. பெயர் போட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’.