ரோடியனோவும் சொக்கோல்னிக்கிப் பிள்ளைகளும்

சனிக்கிழமைகளில் மகனை உதைபந்தாட்டப் பயிற்சிக்கு விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனை மைதானத்தின் மதிலோர நிழலில் பிளேன்ரீயோடு காத்திருக்கும் தகப்பன்மாரில் நானும் ஒருவன். கடந்த வாரம் பக்கத்தில் இருந்தவர் புதிய பயிற்றுநரைக் காட்டி, "அண்ணே, இவர் எந்தக் கிளப்புக்கு விளையாடினவர்? எத்தனை கோல் அடிச்சவர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் செர்கேய் ரோடியனோவ்.

1962இல் மொஸ்கோவில் பிறந்த ரோடியனோவ், ஸ்பார்ட்டக் கழகத்தின் இளையோர் பள்ளியில் வளர்ந்து, அதே கழகத்தின் முன்கள வீரரானவர். 1982இல் லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலை ஸ்பார்ட்டக் 5-2 என வென்றபோது கோல் அடித்தவர்களுள் அவரும் ஒருவர்; அன்றிரவு உள்ளூர் இரசிகர்களே எழுந்து நின்று விருந்தினருக்குக் கைதட்டினார்கள். 1986ஆம் ஆண்டு மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் ஹங்கேரியைச் சோவியத் அணி 6-0 என வீழ்த்திய ஆட்டத்தின் கடைசிக் கோலும், 1989இல் சோவியத் லீக்கில் 16 கோல்களுடன் கோல் அடித்தோர் பட்டியலில் முதலிடமும் அவருடையவை. பக்கத்து இருக்கைக்காரரைத் திருப்திப்படுத்த இவ்வளவும் போதும்.

என்னைக் கவர்வது வேறொன்று. ரோடியனோவின் பெயரைச் சொன்னால் ஸ்பார்ட்டக்கில் அவரோடு ஆடிய ஃபியோதர் செரென்கோவின் பெயரும் கூடவே வரும். பந்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று செரென்கோவ் அறிந்திருந்தார். அது வந்து சேரும்முன் எங்கே ஓட வேண்டும் என்று ரோடியனோவ் அறிந்திருந்தார். சோவியத்தின் ஆண்டின் சிறந்த வீரராக இருமுறை தெரிவான செரென்கோவை ஓர் உலகக் கிண்ண அணியிலேனும் சேர்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு விளங்காத அநியாயம். 1990இல் நண்பர்கள் இருவரும் பாரிஸ் நகரை அண்டிய ரெட் ஸ்டார் கழகத்துக்குச் சென்றார்கள். ரோடியனோவ் 1993இல் திரும்பி வந்து மீண்டும் ஸ்பார்ட்டக்குக்கே ஆடினார்.

ஆடி ஓய்ந்தபின் பயிற்றுநராக இருந்து, பிறகு மொஸ்கோவின் சொக்கோல்னிக்கிப் பகுதியில் உள்ள கழகத்தின் இளையோர் அகாதமிக்கு இயக்குநரானார். முன்கள வீரருக்கு அது கடினமான இருக்கை என்றே நினைக்கிறேன்: வாழ்நாளெல்லாம் கோல் விழுந்த கணத்திலேயே கூலி பெற்றுப் பழகியவர், பத்து வயதுப் பிள்ளை ஆளாகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அப்போதும் கைதட்டல் அவருக்கு வராது. பின்னர் கழகத்தின் பொது இயக்குநராகவும் உயர்ந்தார். 2001க்குப் பின் ஸ்பார்ட்டக் முதன்முறையாக 2017இல் ரஷ்யச் சம்பியனானது அவர் அப்பதவியில் இருந்தபோதுதான். 2014இல் மறைந்த செரென்கோவின் பெயரையே இன்று அந்த அகாதமி தாங்கி நிற்கிறது.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கையில் மைதானத்தில் ஒரு சிறுவன், தானே அடிக்கக்கூடிய பந்தைப் பக்கத்தில் ஓடி வந்தவனுக்குத் தட்டிவிட, அவன் அதை வெளியே அடித்தான். மதிலோரம் முழுவதும் "சே!" என்றது. புதிய பயிற்றுநர் மட்டும் பந்தைக் கொடுத்த பையனிடம் போய்த் தோளில் தட்டினார். நண்பர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரி அண்ணே, இவர் எத்தனை கோல் அடிச்சவர்?" என்றார். அடுத்த சனிக்கிழமை கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.