பெட்டிக்குள்ள ஒரு பெட்டி

போன கிழமை அக்கான்ர மகன், வெள்ளவத்தையில ஒரு போட்டோக்கொப்பி கடையில பிரிண்ட் எடுத்த பென்ட்ரைவோட வந்து நிக்கிறான். "மாமா, ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா மாறிட்டுது, ஒருக்கா பாருங்கோ." கம்பியூட்டரில குத்த முதல் கையைப் பிடிச்சிட்டன்.

என்னட்ட வேர்ச்சுவல்பொக்ஸ் இருக்கு, கம்பியூட்டருக்குள்ள இன்னொரு கம்பியூட்டரை, அதுதான் வேர்ச்சுவல் மெஷினை, ஓட்டுற காசில்லாத மென்பொருள். அதுக்குள்ள விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு எண்ட லினக்ஸ் ஓடுது. யூஎஸ்பி ஃபில்டர் போட்டு வச்சிருக்கிறதால பென்ட்ரைவ் நேர உள்ளுக்கே போச்சு. விண்டோஸுக்கு எழுதின ஷோர்ட்கட் வைரஸ் லினக்ஸில பல்லில்லாப் பாம்பு. அவன்ர அசைன்மென்ட் எல்லாம் பத்திரமாத்தான் கிடந்தது, வைரஸ் ஒளிச்சு மட்டும் வச்சிருந்தது. பெடியன்ர முகத்தைப் பாக்கோணுமே!

சந்தேகமான ஃபைலைத் திறக்க முதல் ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்து வைப்பன், அந்த நேரத்து வேர்ச்சுவல் மெஷினை அப்பிடியே சேமிக்கிறது. ஏதும் பிசகினா ரெண்டு கிளிக், பழைய நிலை. ஆனா உள்ளுக்கும் வெளியிலயும் பொதுவா இருக்கிற ஷேர்ட் ஃபோல்டரைத் திறந்து வச்சிட்டு வேர்ச்சுவல் மெஷின் இருக்கு எண்டு நிம்மதியாப் படுக்கிறது, முன்கதவைப் பூட்டிட்டு குசினிக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. ஃபைலுகளைப் பூட்டிட்டு காசு கேக்கிற ரான்சம்வெயார் வந்தா அந்த வழியாலயே வெளியில இருக்கிற படங்களையும் பூட்டிப்போடும். உள்ளுக்கும் வெளியிலயும் கொப்பி-பேஸ்ட் பண்ண விடுற கிளிப்போர்டையும் நிப்பாட்டி வையுங்கோ.

வேர்ச்சுவல் மெஷினுக்கும் வெளிக் கம்பியூட்டருக்கும் இடையில இருக்கிற சுவரிலயும் ஓட்டை வரும். 2015இல வெனம் எண்டொரு பிழை பிடிபட்டது. ஆரும் பாவிக்காத ஃப்ளொப்பி ட்ரைவுக்கான கோடுக்குள்ள கிடந்த ஓட்டை, வேர்ச்சுவல்பொக்ஸையும் பாதிச்சது. அதால அப்டேட்டைத் தள்ளிப்போடுறேல்ல.

4 ஜிபி ரேம் மெஷினில இதைச் செய்யப் போகாதேங்கோ. தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்தாலும் திறந்திராது.

மருமகன் இப்ப தன்ர லப்டொப்பிலயும் போட்டுத் தரட்டாம். ஞாயிற்றுக்கிழமை வாறான், மாலு பணிஸோட வரச் சொல்லியிருக்கிறன்.